காப்புக் கட்டிய வீராங்கனை

அந்தப் புத்தகத்தைத் திறந்தாலே கருவாட்டு நாற்றம் முகத்தில் அடிக்கும். ஃபிஜித் தீவின் நவுவாவில் ஆற்றை ஒட்டியிருந்த அப்பாவின் மளிகைக் கடைக்கு, கருவாடு மடிக்கத் தலைநகர் சுவாவிலிருந்து வரும் பழைய காகிதக் கட்டுக்குள், அட்டையும் பல பக்கங்களும் கிழிந்து, அவள் பெயரோ ஊரோ தெரியாமல் கிடந்த படக்கதை அது. எனக்கும், எதிர்க்கரை "கோரோ"விலிருந்து, அதாவது ஃபிஜியர் கிராமத்திலிருந்து, படகேறிப் பள்ளிக்கு வரும் மெரேவுக்கும் அப்போது பத்து வயது.

அதுவரை நாங்கள் பார்த்த படக்கதைகளில் பறப்பவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள். எங்கள் நிறத்தில் ஒருவன் வந்தால் அவன் திருடனாக இருப்பான், இல்லாவிட்டால் சமையல்காரனாக இருப்பான். இதிலோ, கரும்புத் தோட்டத்து ஏழைப் பெண் ஒருத்தி, எங்களைப் போலவே மாநிறம், யாரோ வைத்த தீயில் தோட்டமே எரிய, ஒரு முடிகூடக் கருகாமல் நடந்து வெளியே வருகிறாள். அன்றிலிருந்து அவளுக்குப் பறக்கும் சக்தி. அவள் மணிக்கட்டில் மஞ்சளாக ஒரு கட்டு. எனக்குச் சந்தேகமே இல்லை, அது மாரியம்மன் கோயில் "காப்பு". காப்புக் கட்டித் தீ மிதிக்கும் அப்பாவுக்கே கால் சுடாதபோது இவளுக்கு எப்படிச் சுடும், எங்கள் ஆள்தான் என்றேன். மெரே விடவில்லை. அவள் அம்மா பிறந்த பெங்கா தீவிலும் ஆண்கள் பழுக்கக் காய்ந்த கற்கள்மேல் நடப்பார்கள். "அந்தச் சுருட்டை முடியைப் பார், பெங்காக்காரி" என்று அடித்துச் சொன்னாள். ஒரு வாரம் அவள் வீடு, ஒரு வாரம் என் வீடு என்று புத்தகம் ஆற்றைக் கடந்துகொண்டே இருந்தது, வழக்கு மட்டும் தீரவில்லை.

அந்த வருடம்தான், அரசில் இந்தியர்கள் கை ஓங்கிவிட்டது என்று ஃபிஜியர்களின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிறகு வந்த தீமிதிக்கு அப்பா காப்புக் கட்டினார். அடம்பிடித்து நானும் கட்டிக்கொண்டேன். அம்மா நூறு தடவை சொல்லியிருப்பாள்: "காப்புக் கட்டுன கையி பாப்பா, பத்து நாளைக்கு யாரையும் ஒரு வார்த்த ஏசக் கூடாது. வீட்டுல ஒருத்தர் ஏசுனாலும் அப்பா காலு சுட்டுப்பூடும்."

ஏழாம் நாள் விடிந்தபோது கடை இருந்த இடத்தில் கடை இல்லை. சுருண்டு கிடந்த தகரத்துக்கு அடியில் அப்பா தராசைத் தேடிக்கொண்டிருந்தார். யார் கொளுத்தியது என்று கடைசிவரை தெரியவில்லை. அப்போது மெரே வந்தாள், கையில் அவள் அம்மா அவித்துக் கொடுத்த மரவள்ளிக் கிழங்குப் பொட்டலம், அக்குளில் அந்தப் புத்தகம். அவள் வாய் திறக்குமுன், எங்கள் இருவருக்கும் பொதுவான ஃபிஜி இந்தியில், "உங்க ஆளுங்க தீயில நடக்கிறவங்க இல்ல, தீ வைக்கிறவங்க" என்று கத்தினேன். அது என் வாயிலிருந்து வந்தது என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. மெரே அழவில்லை. பொட்டலத்தைத் தரையில் வைத்து, அதன்மேல் புத்தகத்தை வைத்து, "அவள் உன் ஆளாகவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படகுத்துறைக்குப் போய்விட்டாள்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவின் கால் வெந்துபோகப் போகிறது, என்னால்தான், யாரிடம் சொல்வது? பத்தாம் நாள் அவர் தணலில் இறங்கியபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். "என்ன பாப்பா, பேயறஞ்ச மாரி நிக்கிற" என்ற குரல் கேட்டுத் திறந்தால், எதிரே சிரித்தபடி நிற்கிறார். ஒரு கொப்புளம்கூட இல்லை. சந்தோஷப்பட வேண்டியவள் ஆடிப்போனேன். தண்டனை வந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். மெரே பள்ளியில் வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டாள். சில மாதங்களில் நாங்கள் ஆக்லாந்துக்குக் குடிபெயர்ந்தோம், அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே.

போன மாதம் என் மகள் ஒரு புதுப் படத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். திரையில் கரும்புத் தோட்டம் எரிந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளேதான். அவள் ஒரு "லத்தினா", தென் அமெரிக்கக்காரி, இப்படி ஒரு மாநிறப் பெண்ணுக்கென்று முழுப் படம் எடுப்பதே பெரிய விஷயம் என்று மகள் காதில் சொன்னாள். மணிக்கட்டில் இருந்தது காப்பும் இல்லை; சிப்பாய்களுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிய நாளில் அவள் தாய் தன் பாவாடையில் கிழித்துக் கட்டிய துணி.

புத்தகம் வீடு மாறியதில் எங்கோ தொலைந்தது. அப்பா போய்விட்டார், எங்கள் வீட்டில் காப்புக் கட்ட இப்போது யாரும் இல்லை. மெரே எங்கே இருக்கிறாள் என்றும் தெரியாது. தெரிந்தால், அந்த வழக்கில் நாம் இரண்டு பேருமே தோற்றோம் என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவேன். அவள் சிரித்தால், மன்னிப்புக் கேட்பேன்.