கொடுத்ததை அப்படியே போட்டேன்

எங்கள் குழுத் தலைவரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கொழும்பில் இருக்கிறார். நான் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்திலிருந்து வேலை செய்கிறேன். "இன்னைக்கு தோட்டத்துல சிக்னல் இருக்கா?" என்று என்னைக் கேட்காமல் காலைக் கூட்டத்தை ஆரம்பிக்க மாட்டார். மற்றவர்கள் சிரிப்பார்கள். என் சிக்னல் ஒருநாளும் அறுந்ததில்லை.

எங்களுடையது தனியார் கிளினிக்குகளுக்கான ஒரு சேவை. டாக்டர் வராவிட்டால், பதிவு செய்த நோயாளிகளுக்கு முந்தின மாலையே போனில் செய்தி போகும். ஹட்டன் கிளினிக்கில் சீனி வியாதிக்குக் காட்டும், லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பரா அத்தைக்கும் அப்படித்தான் வரும். சேவையின் புதிய பதிப்பை ஹெல்ம் என்ற கருவி வழியாகக் கிளஸ்டரில், அதாவது சேவை ஓடும் கணினிக் கூட்டத்தில், ஏற்றுவது என் வேலை. மென்பொருளை ஹெல்ம் ஒரு பொட்டலமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே அது எப்படி ஓட வேண்டும் என்பதைக் கூடவே போகும் ஒரு ஃபைல் சொல்லும். ஃபைலில் பிழை இருந்தால் எல்லாம் போச்சு. அதனால் ஏற்றுவதற்கு முன் பழையதையும் புதியதையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

அப்படிப் பார்த்து, ஒருமுறை தலைவர் எழுதிய ஃபைலில் இருந்த பிழையைக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். மனிதருக்கு முகம் சிறுத்துப் போனது. "தங்கச்சி, ஃபைல் எழுதுறது என் வேலை. குடுக்கிறத அப்படியே போடுங்க. கேட்டா மட்டும் பேசுங்க."

சரி என்றேன். அம்மா கொழுந்து பறித்த மலையிலும் ஒரு கங்காணி இதையேதான் சொன்னாராம், வாயை மூடிக்கொண்டு கொழுந்தை எடு என்று. பெண்கள் மூடிக்கொண்டார்கள். அடுத்த தேயிலை நிரையில் குளவிக்கூடு இருந்ததையும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் குளவி கொட்டி வீங்கிப் போய் வந்த கதையை அம்மா சொல்லும்போதெல்லாம் வயிறு நோகச் சிரித்திருக்கிறேன்.

அடுத்த பதிப்புக்கு அவர் அனுப்பிய ஃபைலில் சோதனை முறையை அணைக்க மறந்திருந்தார். அப்படியே ஏற்றினால், எல்லாச் செய்தியும் கொழும்பு அலுவலக மேசை லாச்சியில் கிடக்கும் ஒரு பழைய போனுக்குத்தான் போகும். ஒப்பிட்டதுமே கண்ணில் பட்டது. மாற்ற வேண்டியது ஒரே ஒரு சொல். அத்தைக்கு மறுநாள் கிளினிக் என்பதும் எனக்குத் தெரியும். நாளைக்கென்று பார்த்து டாக்டர் வராமல் இருந்துவிடவா போகிறார் என்று நினைத்துக்கொண்டு கட்டளையை அடித்தேன். ஏற்றியாயிற்று என்றது ஹெல்ம். கிளஸ்டரும் எல்லாம் நன்றாக ஓடுவதாகவே காட்டியது. "போட்டாச்சு சார்" என்று எழுதிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை, செய்தி வரவில்லை என்று முறைப்பாடுகள் குவிந்தன. முதலாளியே கூட்டத்துக்கு வந்துவிட்டார். நான் தலைவர் அனுப்பிய ஃபைலைத் திரையில் காட்டினேன். "பாத்திருந்தா சொல்லியிருக்கலாமே" என்றார் தலைவர்.

"நீங்க கேக்கலையே சார்."

பழைய பதிப்புக்குத் திருப்பச் சொன்னார்கள். திருப்பினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பின்னேரம் அத்தை வந்தார். சேலை மழையில் முழங்கால் வரை நனைந்திருந்தது, புருவத்துக்கு மேல் வீக்கம். இரத்தச் சோதனைக்காக வெறும் வயிற்றோடு முதல் பஸ்ஸில் போய், மத்தியானம் வரை காத்திருந்து, டாக்டர் வரமாட்டார் என்று தெரிந்து திரும்பும்போது பஸ் நிலையத்தில் மயங்கி விழுந்திருக்கிறார். என்னால் அந்த வீக்கத்தைப் பார்க்க முடியவில்லை.

"மெசேஜ் ஒண்ணும் வரலயே புள்ள. ஒங்க கம்பெனிதானே அனுப்புறது?"

"ஃபைல்ல ஒருத்தரு தப்பு பண்ணிட்டாரு அத்தை."

"தெரியாம செஞ்சாரா, தெரிஞ்சு செஞ்சாரா?" அவர் என் முகத்தையே பார்த்தார். "தெரியாம செஞ்சிருந்தா போவுது. தெரிஞ்சே செஞ்சிருந்தா அந்தக் கை வெளங்காது."

"தெரியாமத்தான் அத்தை" என்றேன். அந்த மனிதருக்காக நான் பேசிய ஒரே நல்ல வார்த்தை அதுதான். அது உண்மையும்கூட. அவர் தெரியாமல்தான் செய்தார்.