மாமாவின் செருப்பு

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் எழுத வந்திருக்கிறேன், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சுருட்டுப் புகையும், எண்ணெய்த் தலைகள் சாய்ந்து சாய்ந்து கறுத்த தூணின் பிசுக்கு வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறினால், இன்றும் எங்கள் ஊர்ச் "சாவடி"தான் நினைவுக்கு வரும்.

திருத்தணி மலைமேல் நின்று பார்த்தால் தெரிகிற ஊர் எங்களுடையது. நடுத்தெருவில் இருந்த சாவடியில் ஆண்கள் மட்டும்தான் ஏறுவார்கள். பெண்கள் அந்தப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடும், தாண்டியதும் தாழ்ந்த குரலில் மறுபடி தொடங்கும். பங்காளிச் சண்டை, கிணற்றுத் தண்ணீர் முறை, பெண் கொடுப்பது எல்லாம் அங்கேயே முடிவாகி, வீட்டுக்குச் சேதியாகத்தான் வரும். "அதுங்க மெதுவா பேசுச்சின்னா நமக்குத்தான் ஏதோ வேட்டு வைக்குதுங்க" என்பாள் அம்மா.

அக்கா பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அவளை நர்ஸ் படிப்புக்கு அரக்கோணம் அனுப்ப வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அப்போது ஒரு பகலில் எங்கள் அப்பா, நைனா, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கே என்று கேட்டதற்கு "சும்மா" என்று சொல்லிவிட்டுச் சாவடிக்குப் போனார். கழனி வேலை இருக்கிற நாளில் சலவைச் சட்டை எதற்கு என்று அம்மாவுக்குச் சந்தேகம். தண்ணீருக்குப் போகிறவள் போலக் குடத்தை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பினாள்.

சாவடிப் படியோரம் கிடந்த செருப்புகளில் ஒரு ஜோடி, வார் அறுந்து பச்சை நூலால் தைத்தது. பள்ளிப்பட்டிலிருக்கும் அம்மாவின் அண்ணனுடையது. தங்கை வீட்டுக்கு வராமல் மாமா நேராக இங்கே வந்திருக்கிறார். உள்ளே தெரியாத முகங்கள் இரண்டு, நடுவில் வெற்றிலைத் தட்டு. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் பெண்ணுக்குத் தட்டு மாற்ற முடியாது. மாற்றிவிட்டால் பின்வாங்கவும் முடியாது.

"இன்னாம்மா, இங்க வந்து நின்னுகினு?" என்றார் ஊர்ப் பெரியவர்.

"எங்க அண்ணன் வந்துகிறாரே, சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தேங்க."

"வேலை முடிஞ்சதும் வருவாரு. நீ போ."

அம்மா குனிந்து அந்தச் செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். கூடப்பிறந்தவள் தன் செருப்பைத் தூக்கிக்கொண்டு தெருவில் போவதை எந்த அண்ணன்தான் பார்த்துக்கொண்டிருப்பான்? பங்குனி வெயிலில் கொதிக்கிற தார்மேல் மாமா வெறுங்காலோடு துள்ளித் துள்ளி ஓடிவந்தார்.

"மச்சான், காலு வெந்துடப் போவுது" என்று சாவடியிலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"கீழ போடும்மா, ஊரே பாக்குது."

"பாக்கட்டுமேண்ணா. நீ நடந்துகினே இரு" என்றாள் அம்மா, திரும்பாமல்.

வீட்டில் மாமாவுக்குச் சோறு போட்டாள். செருப்பைப் பொழுது சாய்கிறவரை கொடுக்கவில்லை. அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்கள்.

இப்போது அந்தச் சாவடி இல்லை. இடித்துவிட்டு டைல்ஸ் போட்ட கூடம் கட்டியிருக்கிறார்கள், மகளிர் குழுக் கூட்டத்துக்குப் பெண்களும் ஏறுகிறோம். அம்மாவும் காலமாகிவிட்டாள். ஆனாலும் ஆண்கள் இரண்டு பேர் செல்போனை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்தினால் என் நடை தானாகத் தயங்குகிறது.

அதற்கு மறுநாள் நைனா அம்மாவோடு பேசவில்லை. அக்கா கணக்குப் பரீட்சை எழுதப் போனாள்.