பாதி வாரம் எங்கள் வீட்டில்

முதல் மனைவியை விவாகரத்து செய்த பிறகுதான் என் கணவர் என்னைக் கட்டினார். அவளும் ஒன்பது வயது மகளும் வண்ணாரப்பேட்டையில். நாங்கள் விம்கோ நகரில். மகளின் செலவுக்குக் கோர்ட் சொன்ன பத்தாயிரத்தை மாதம் பிறந்ததும் அனுப்பிவிடுவார். "வந்துச்சு" என்று அவளிடமிருந்து ஒற்றைச் சொல் வரும். அதைப் படிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அவரிடம் கேட்டேவிட்டேன். "பாதி வாரம் பொண்ண நம்மாண்ட வெச்சிக்கினா, பாதி துட்டு குடுத்தா போதும்ல?"

நாங்கள் போய்க் கேட்ட வக்கீல் அவ்வளவு எளிதாகத் தலையாட்டவில்லை. "நாளை எண்ணி அப்படியே கழிக்க மாட்டாங்கம்மா. யாருக்கு என்ன சம்பளம், ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டறாங்க, எல்லாம் பார்ப்பாங்க" என்றார். கடைசியில் என் கணவரும் அவளும் பேசி எழுதிக் கொடுத்ததைக் குடும்பநல நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வியாழன் மாலை முதல் ஞாயிறு மாலை வரை பெண் எங்களிடம். பள்ளிக் கட்டணம் அம்மாக்காரி பொறுப்பு. பணம் ஏழாயிரம். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அவருக்கு எண்ணூரில் ஷிப்ட் வேலை. வெள்ளிக்கிழமை காலையில் தலை பின்னி, ஸ்கூட்டியில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது என் பாடாயிற்று. மிச்சமான மூவாயிரம் பெட்ரோலுக்கும் பாலுக்கும் பழத்துக்குமே சரியாகப் போனது. கஷ்டப்பட்டுப் பின்னிய சடையை அவிழ்த்துவிட்டு, "எங்கம்மா இவ்ளோ டைட்டா பின்னாது சித்தி" என்பாள். அந்த அம்மா இல்லாத வீட்டிலும் அந்த அம்மாதான் இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிப்போக அம்மாக்காரியே வந்து நின்றாள். வழக்கமாக அவர்தான் கொண்டுபோய் விடுவார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்.

"எங்கூட்ல மீன தொடவே மாட்டா. இங்க நெத்திலி வறுவல் துன்றாளாமே?"

அவளுக்கும் என்மேல் வயிறு எரிகிறது என்று அப்போதுதான் புரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள். "உன் துட்டே வேணாம். பொண்ண முழுசா என்னாண்ட வுட்டுடு."

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "அதெல்லாம் முடியாது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பணமே தர வேண்டாம் என்கிறாள். நான் முடியாது என்கிறேன். அதோடும் விடவில்லை.

"வோணும்னா பழையபடி பத்தாயிரமே வாங்கிக்க. வியாழக்கெழம ஆனா அவ இங்க வரணும்."

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். அந்தப் பெண் எனக்கு டாட்டா காட்டினாள்.

இப்போது பத்தாயிரம் போகிறது, பெண்ணும் வருகிறாள். எங்கள் வீட்டில் இருக்கும் நாட்களில் சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டுச் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும் நான் குழாயை மூடிவிட்டுக் காதுகொடுத்து நிற்பேன்.

"இன்னா, தண்ணி நின்னுச்சா?" என்று அவர் கேட்பார்.

"ஆமா" என்பேன்.