ஐந்தாவது கற்றல் பேறு

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். பல்கலைக்கழகத்தில் தர மீளாய்வு அறிவித்தல் வந்த மாதத்தில் அது அங்கிருந்து இறங்கவே இல்லை. எங்கள் உளவியல் பட்டப் படிப்பில் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பதை ஆதாரத்தோடு காட்ட வேண்டுமாம். அதற்கு ஓர் அட்டவணை. இடப்பக்கம் கற்றல் பேறுகள், அதாவது படித்து முடிக்கும்போது பிள்ளைக்கு என்னென்ன கைவந்திருக்க வேண்டும் என்ற பட்டியல். நடுவில் அதை எப்படிச் சோதித்தோம் என்பது. வலப்பக்கம் ஆதாரம். முதல் நான்கு பேறுகளுக்கும் விடைத்தாளைக் காட்டிச் சமாளித்துவிடலாம். ஐந்தாவதில்தான் மாட்டிக்கொண்டேன். “துயரோடு வருபவரைத் தீர்ப்பிடாமல் செவிமடுத்து, அவரது சூழலை விளங்கிக்கொள்வார்.” அந்த வசனத்தை எழுதியதே நான்தான். யாரைப் போய் ஏசுவது?

செவிமடுப்பதற்குச் செயன்முறைப் பரீட்சைதான் வழி. ஒருவர் கவலையோடு வந்தவராக நடிப்பார். மாணவர் பதினைந்து நிமிடம் அவரோடு கதைப்பார். பரீட்சகர்கள் இரண்டு பேர் மூலையில் இருந்து ஒரு பட்டியலில் சரியும் பிழையும் போடுவோம். முகம் பார்த்தாரா, உணர்வைப் பற்றித் திறந்த கேள்வி கேட்டாரா, கேட்டதைத் தொகுத்துச் சொன்னாரா, புத்திமதி சொல்லாமல் இருந்தாரா. நடிப்பதற்கு என் ராத்தாவைப் பிடித்தேன். கூடப் பிறந்த மூத்தவர், கல்முனையில் எனக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருப்பவர். கதைக்கத் தொடங்கினால் கரண்ட் போனாலும் நிறுத்தமாட்டார்.

அவர் நடிக்க வேண்டிய கதையை ஒரு சீட்டில் எழுதினேன். எழுதினேன் என்றா சொன்னேன்? எப்போதோ ஒரு பயிற்சிப் பட்டறையில் கொடுத்த கைந்நூலிலிருந்து அப்படியே பார்த்து இறக்கினேன். புதிதாக மணமான பெண், கணவன் வீட்டில் மாமியாரோடு இருக்கிறாள், மனம் சரியில்லை. அவ்வளவுதான்.

ராத்தா சீட்டை வாசித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். “இவ ஏன் மாமிட வீட்டில போய் இரிக்கிறா? இவட வீட்டுக்கு என்ன நடந்த?”

“ராத்தா, சீட்டில இரிக்கிறத மட்டும் சொல்லுங்க. கோட்டில கேக்கிற மாதிரிக் குறுக்குக் கேள்வி கேக்காதீங்க.”

ராத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். சீட்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

பரீட்சைக்கு ஆறு பேர். ஆறாவதாக வரவிருந்தவள் நிந்தவூர்ப் பிள்ளை. போன வருடம் இதே பரீட்சையில் நான் பெயிலாக்கிய ஒரே ஆள். நடிக்க வந்தவர் பொய்யாக அழுததும் இவள் உண்மையாகவே அழுது, “சபூர் செய்யுங்க, நான் உங்களுக்குத் துஆச் செய்றன்” என்று பொறுமையும் பிரார்த்தனையும் சொல்லிக் கையைப் பிடித்துவிட்டாள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். இவளுக்கு இந்த ஒரு பாடம்தான் பாக்கி. இரண்டு வயதில் ஒரு மகன் வேறு. “உம்மாதான் மிஸ் புள்ளயப் பாக்கிறா. அவவுக்கு முழங்கால் ஏலா. இந்த முறையும் போச்சுதெண்டா இன்னொரு வருசம் என்னால வர ஏலா” என்று காலையில் படியில் வைத்துச் சொன்னாள். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. பட்டியலை ஒழுங்காகப் பாடமாக்கு என்று சொல்லி அனுப்பினேன்.

முதல் ஐந்து பேரும் வெளுத்து வாங்கினார்கள். “மாமியோட இரிக்கிறது உங்களுக்குக் கஷ்டமா இரிக்கி எண்டு விளங்குது.” ஐந்து பேரும் ஒரே வசனம், ஒரே தலையாட்டல். பட்டியல் முழுக்கச் சரி சரியாக விழுந்தது. வலப்பக்கக் கட்டம் நிரம்புகிற சந்தோசத்தில், ராத்தா கொட்டாவியை மறைத்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை.

ஆறாவது பிள்ளை வந்து உட்கார்ந்தாள். “ராத்தா, தண்ணி ஒரு வாய் குடிக்கிறீங்களா?” என்றாள். ராத்தா குடித்துவிட்டுச் சீட்டுக் கதையை ஆறாவது தடவையாக ஒப்பித்தார். பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்த பிறகும் பேசவில்லை. கேள் பிள்ளை, கேள், என்ன உணர்கிறீர்கள் என்று கேள் என்று எனக்கு உள்ளே அடித்துக்கொண்டது.

“மாமிட வீட்டில எண்டு சொல்றீங்க” என்றாள் கடைசியில். “உங்கட வீட்டுக்கு என்ன நடந்த, ராத்தா?”

போச்சு. உணர்வை விட்டுவிட்டுத் தகவல் கேட்கிறாள். கோபத்தில் நான் போட்ட பிழை தாளைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் போனது. மலையகத்து அட்டன் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு வேலை செய்யும் இளம் விரிவுரையாளர்தான் மற்றப் பரீட்சகர். அவரும் பிழை போட்டதைப் பார்த்தேன்.

அந்தக் கேள்விக்குச் சீட்டில் பதில் இல்லை. ராத்தா தண்ணீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: “கடல் கொண்டு போன, மகள்.”

நான் தலையை நிமிர்த்தினேன். அது நடிப்பில்லை. வாப்பா ராத்தாவுக்குக் கட்டிக்கொடுத்த வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது. சுனாமி அலை வந்தபோது போனது. அதன் பிறகு இரண்டு வருடம் ராத்தாவும் மச்சானும் சம்மாந்துறையில் மச்சானின் உம்மா வீட்டில் இருந்தார்கள். நான் அப்போது விடுதியில் தங்கி உளவியல் படித்துக்கொண்டிருந்தேன்.

“மாமி நல்ல மனிசி” என்றார் ராத்தா. “அதுதான் பெரிய கரச்சல். கெட்டவ எண்டா ஏசிப்போட்டுப் படுக்கலாம். இவ விடியத் தேத்தண்ணி ஊத்தி என்ட தலமாட்டில கொண்டு வச்சிருவா. எனக்கு என்ட அடுப்பில நானே ஊத்திக் குடிக்க ஆச. அத அவக்கிட்ட எப்பிடிச் சொல்ற?”

பிள்ளையின் உதடு அசைந்தது. சபூர் என்ற சொல் அங்கே வந்து நிற்பது எனக்கே தெரிந்தது. அதை விழுங்கிவிட்டுக் கேட்டாள்: “அந்த அடுப்பு எப்பிடி இரிந்த?”

ராத்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. “நான் கட்டையெல்லவா, வாப்பா மேசன நிப்பாட்டி வச்சி என்ட உயரத்துக்கு அளந்து கட்டின. வேற ஆர் வந்து சமைச்சாலும் முதுகு பிடிச்சிரும்!” இரண்டு பேரும் சிரித்தார்கள். அலைக்குப் பிறகு புது வீடு கட்டிக் குடிபோன முதல் நாள், சும்மா தெருவால் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்ததை ராத்தா கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மீன் விற்க வந்தவர் மூன்று கோப்பை குடித்தாராம். பதினைந்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. நாங்கள் இருவரும் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அவர்கள் வெளியே போனதும் இளம் விரிவுரையாளர் கூட்டிப் பார்த்தார். “நல்லா கேட்டுச்சு அந்தப் பொண்ணு. ஆனா பட்டியல்படி பெயில், மேடம்.”

“சீட்டே பிழை, தம்பி” என்றேன். சொல்லவே வெட்கமாக இருந்தது. “எங்கட பக்கத்தில பொம்புளப் புள்ளைக்குத்தான் வீடு. மாப்பிள்ளதான் வந்து குடியிரிக்கிற. மாமி வீட்டில இரிக்கன் எண்டு ஒருத்தி சொன்னா, அவட வீட்டுக்கு என்னமோ நடந்திரிக்கி எண்டுதான் ஆருக்கும் முதல்ல ஓடும்.”

“அப்ப உங்க வீட்டு சாரும்?”

“ஓம். ஒத்தப் பெட்டியோட வந்தவர்.”

அவர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். இந்த ஊரில் பிறந்து, உம்மா தந்த வீட்டில் இருந்துகொண்டு அப்படியொரு சீட்டை எழுதியவளை வேறு என்னதான் செய்வது? பிறகு அட்டவணையை இழுத்து ஐந்தாவது பேற்றைச் சத்தமாக வாசித்தார். “அவரது சூழலை விளங்கிக்கொள்வார். மேடம், பட்டியல்ல அஞ்சு பேர் பாஸ். நீங்க எழுதுன இந்த வசனத்துல ஒரே ஒருத்தர்தான் பாஸ்.”

அதையே துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னோம். அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் அந்தப் பிள்ளையின் புள்ளியைப் பட்டியலை விட்டுப் பேற்றை வைத்தே போட ஒத்துக்கொண்டார். மற்ற ஐந்து பேருக்கும் அடுத்த கிழமை வேறு சீட்டோடு மறுபடி பரீட்சை. முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள், பாஸாகிப் போனார்கள். ஆதாரக் கட்டத்தில், எங்கள் பட்டியல்தான் பிழை என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். எழுதிய பிறகு அந்த மாதம் முதல் தடவையாக மனம் லேசானது.

முடிவு வந்த அன்று அந்தப் பிள்ளை நடைபாதையில் நின்றே கத்தினாள். “உம்மா, பாஸ்! உம்மா!” போனில் அந்தப் பக்கம் உம்மா அழுவது எனக்குக் கேட்டது. இவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள்.

வேலை முடிந்து நேரே ராத்தா வீட்டுக்குப் போனேன். அவர் அடுப்படியில் நின்றார்.

“அந்தப் புள்ள பாஸா?”

“ஓம் ராத்தா. நல்ல புள்ளி.”

“அல்ஹம்துலில்லாஹ்.” கேத்தலை இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “உனக்கு எத்தின போட்டாய்?”

சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன், முடியவில்லை. “நான் பெயில், ராத்தா. உங்கட அந்த வீட்டப் பத்தி இருவது வருசமா ஒருக்காக் கூடக் கேக்கல்லியே.”

ராத்தா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு பலகையைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

“அப்ப இரி. இப்பக் கேளு.”