குளத்தில் எத்தனை லிட்டர்?

எலும்பு முறிவு ஆஸ்பத்திரியின் துணி அறையில் பதினேழு வருடமாகத் தையல் மெஷின் மிதித்தவளை எல்லாரும் டேப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கழுத்தில் இஞ்ச் டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர் கிடையாது. "தூங்கும்போதாவது கழட்டி வையேன், பாம்பாட்டி பக்கத்துல படுத்த மாதிரி இருக்கு" என்பார் பஸ் கண்டக்டரான அவள் கணவர். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனாலும் குத்துமதிப்பு என்ற பேச்சே அவளுக்கு ஆகாது. மாவுக்கட்டுப் போட்டவருக்குக் கால்சட்டை தைப்பதென்றால், கட்டைச் சுற்றி மூன்று இடத்தில் அளந்த பிறகுதான் கத்தரியைத் தொடுவாள்.

ஆஸ்பத்திரிப் பின்தோட்டத்தில் ஒரு மீன் குளம் இருந்தது. அவரைக்கொட்டை போல ஒரு பக்கம் உள்வாங்கிய குளம். படுத்துப் படுத்து அலுத்துப்போன நோயாளிகள் சக்கர நாற்காலியை அங்கேதான் தள்ளச் சொல்வார்கள். அந்தக் கோடையில் மீன்களின் உடம்பில் வெள்ளைப் புள்ளி கிளம்பியது. இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. மேனேஜர் மீன் டாக்டரை வரவழைத்தார்.

"மருந்து கையிலேயே இருக்கு. ஆயிரம் லிட்டருக்குப் பத்து மில்லி" என்றார் டாக்டர். "கூடினா செவுள் வெந்துடும், குறைஞ்சா நோய் போகாது. குளத்துல தண்ணி எத்தனை லிட்டர்?"

"பன்னிரண்டாயிரம். கட்டினவர் குடுத்த காகிதத்துல இருக்கு."

திரைச்சீலை மூட்டையோடு அந்தப் பக்கம் போன டேப்பக்கா நின்றாள். "அந்தக் காகிதத்துல குளம் எப்படி இருக்கு சார்?"

மேனேஜர் பிரித்துப் பார்த்தார். "நீளம், அகலம், ஆழம்னு போட்டிருக்கு. கட்டம் மாதிரிதான்."

"அப்ப நாலு மூலையும் எங்க போச்சு?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அவங்க கேக்கறது நியாயம். நாளைக்குச் சாயந்திரம் வரேன். அதுக்குள்ள யாராவது சரியா அளந்து வைங்க."

"நான் வைக்கிறேன்" என்றாள். வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் யோசித்தாள். துணியை அளந்திருக்கிறாள், ஆளை அளந்திருக்கிறாள். தண்ணீரை அளந்ததில்லை.

சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்து வேலையை ஆரம்பித்தாள். குளத்தின் மேலே அரை மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டினாள். பெரிய துணியில் கட்டம் போட்ட மாதிரி ஆயிற்று. துடைப்பக் கம்பில் சென்டிமீட்டர் கோடுகள் கிழித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிச் சுவருக்கு வர்ணம் பூச வந்திருந்த பெயின்டரின் ஏணியைக் குறுக்கே போட்டு, அதன்மேல் பலகை வைத்து, தவழ்ந்து போய் ஒவ்வொரு கட்டத்திலும் கம்பை இறக்கினாள். இரண்டு காலும் உடைந்து ஒன்றரை மாதமாகக் கிடக்கும் லாரி டிரைவர் ஒருவர், அவள் சொல்லச் சொல்ல எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். உடைந்த நாளிலிருந்து அவர் முகத்தில் அவ்வளவு சுறுசுறுப்பை யாரும் பார்த்ததில்லை.

கட்டங்கள் அறுபது. நாலு கட்டம் ஒரு சதுர மீட்டர், ஆகப் பதினைந்து. ஆழம் சராசரி அறுபத்து நாலு சென்டிமீட்டர். பெருக்கினால் ஒன்பதாயிரத்து அறுநூறு லிட்டர்.

"முடிஞ்சுதுக்கா" என்றார் டிரைவர்.

அவளுக்கு முடியவில்லை. ஒரு தடவை அளந்த அளவை நம்பி அவள் எதையும் வெட்டியதே இல்லை. வெயிலில் நீர்மட்டம் இறங்கியிருந்தது, எப்படியும் நிரப்பியாக வேண்டும். மறுநாள் காலை ரப்பர் குழாயை இருபது லிட்டர் வாளியில் பிடித்தாள். நிரம்ப நாற்பது விநாடி ஆயிற்று. அப்படியென்றால் நிமிடத்துக்கு முப்பது லிட்டர். அதே வேகத்தில் இருபத்தைந்து நிமிடம் குளத்தில் விட்டாள். எழுநூற்று ஐம்பது லிட்டர் உள்ளே போயிற்று. அவள் கணக்குச் சரியென்றால் தண்ணீர் ஐந்து சென்டிமீட்டர் ஏற வேண்டும். ஆறு ஏறியிருந்தது.

"ஒரு சென்டிமீட்டர்தானே, விடுக்கா" என்றார் டிரைவர்.

"அந்த ஒண்ணு தப்பினா பட்டன் போட வராது" என்று சொல்லிவிட்டுக் கரையோரமாகக் குனிந்து நடந்தாள். நூல்களைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையில் தட்டிக்கொண்டாள். "ஓரத்துக் கட்டம் இருபது. பாதி தண்ணி, பாதி கல்லு. எல்லாத்தையும் முழுசா எண்ணித் தொலைச்சிருக்கேன்."

இருபதைப் பத்தாக்கினால் மொத்தம் ஐம்பது கட்டம். பன்னிரண்டரை சதுர மீட்டர். ஆறு சென்டிமீட்டர் ஏறியதற்கும் அதுதான் கணக்கு. டிரைவர் இரண்டு தடவை பெருக்கிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். பிறகு, கரையில் சாத்தியிருந்த கம்பைக் காட்டினார். "அக்கா, அந்தக் கம்போட அடி ஏன் கறுப்பா இருக்கு?"

நுனியில் முக்கால் சாண் உயரத்துக்குச் சேறு ஒட்டியிருந்தது. கம்பு சேற்றுக்குள் இறங்கி நின்றதைத் தண்ணீரின் ஆழம் என்று எழுதியிருக்கிறார்கள்.

"நல்லவேளை, உங்க கண்ணு உடையல" என்றாள் டேப்பக்கா. ஒரு டப்பா மூடியைக் கம்பின் அடியில் ஆணியடித்துப் பொருத்தினாள். அகலமான மூடி சேற்றின் மேலேயே நின்றது. ஏணியில் மறுபடி தவழ்ந்தாள். முழங்கால் தோல் உரிந்தது. குளம் நிரம்பியிருந்தும் இந்தத் தடவை சராசரி ஐம்பத்தாறுதான் வந்தது.

ஏழாயிரம் லிட்டர்.

சாயந்திரம் மேனேஜர் தயங்கினார். காகிதத்தில் முத்திரை இருந்தது, இவள் கையில் எக்ஸ்ரே உறை இருந்தது. டாக்டர் உறையை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். "சேத்தைக் கழிச்சிருக்கீங்க. தண்ணி விட்டும் பாத்திருக்கீங்க. எங்கிட்ட வேலை பாக்கற பசங்களே இவ்வளவு பண்ண மாட்டாங்க" என்றவர், எழுபது மில்லி அளந்து ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி, குளத்தைச் சுற்றி ஊற்றினார்.

டேப்பக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் இன்னொரு மீன் செத்தது. அன்றெல்லாம் அவள் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. அடுத்த சில நாட்களும் வேலைக்குள் நுழையும் முன் நேரே குளத்துக்குப் போய் நின்றாள். நாலாம் நாள் மீன்கள் மேலே வந்து தீனி கேட்டன. பத்தாம் நாள் ஒன்றின் மேலும் புள்ளி இல்லை. வந்து பார்த்த டாக்டர் மேனேஜரிடம், "காகிதத்தை நம்பி நூத்தி இருபது மில்லி ஊத்தியிருந்தா எல்லாத்தையும் வலை போட்டு அள்ளியிருப்பீங்க" என்றார்.

மேனேஜர் அந்தப் பழைய காகிதத்தைக் கிழித்துப் போட்டார். குளக்கரையில் ஒரு பலகை நட்டு, "கொள்ளளவு 7000 லிட்டர்" என்று எழுத வைத்தார். பெயின்டர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தபோது டேப்பக்கா வந்து படித்துப் பார்த்தாள்.

"அண்ணே, கீழ இன்னும் ஒரு வார்த்தை எழுதிடுங்க" என்றாள். "நிறைஞ்சிருக்கும்போது."