வயலில் கிடந்த மலைமண்

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, தோட்டக் கம்பெனி கைவிட்ட தேயிலை மலையில் கிருஷ்ணகுமாரிக்கு ஒரு துண்டு கிடைத்தபோது, அதில் மண் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வருஷக்கணக்காக அடித்த களைக்கொல்லியில் புல்பூண்டு செத்து, மேல்மண்ணை மழை வழித்துக்கொண்டு போயிருந்தது. தேயிலைச் செடிகள் வேர் வெளியே தெரிய, சரளைக்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றன. கணவன் ஏழுமலை வெறுத்துப்போய், கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான்.

அவள் போகவில்லை. பக்கத்துத் துண்டுக்காரி பரிமளத்தையும் தோட்டத்து லயன் வரிசை வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு, சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கினாள். தண்ணீர் வடியக் கான் வெட்டினாள். மாவனல்லை கபூர் நானா தன் மாட்டுத் தொழுவத்து எருவை லொறியில் அனுப்பினார். கல்வரிசைகளுக்குப் பின்னால் கறுப்பாகக் கொஞ்சம் மண் தங்கத் தொடங்கியது.

கார்த்திகை மழை அத்தனையையும் கொண்டுபோயிற்று. அடிவாரத்துச் சிங்களக் கிராமத்தின் வயலில் கல்லும் மண்ணுமாகக் குவிந்து கிடந்தது. பரிமளம் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இனி என்னால ஏலாது கிருஷ்ணா. என்னைய விட்டுரு."

வயல்காரி குணாவதி மேலே ஏறி வந்தாள். நெற்பயிரைப் பறிகொடுத்தவள். மூச்சு வாங்க வாங்க, வாய்க்கு வந்தபடி ஏசினாள். கிருஷ்ணகுமாரி தலைகுனிந்து நின்றாள். ஏசி ஓய்ந்ததும் குணாவதி சரிவில் கல் அடுக்கியிருந்த தடங்களைப் பார்த்தாள். பிறகு தங்கையைக் கூப்பிடுவதுபோல் சிங்களத்தில் சொன்னாள்:

"நங்கி, உங்க மண்ணு எங்க வயல்ல கெடக்கு. நாங்க அள்ளித் தாறோம். நீங்க மேல ஏத்துங்க."

"நாங்க நாலு பொம்பளைங்கதான் அக்கே."

"கீழயும் அவ்வளவுதான்."

உரச்சாக்கில் கட்டித் தலையில் ஏற்றினார்கள். ஈரச் சரிவில் கால் நிற்கவில்லை. சாக்கோடு சறுக்கி விழுந்து, சிந்தியதைக் கையால் கூட்டி அள்ளினார்கள். மேலே கல்வரிசைகளை மறுபடி அடுக்கினார்கள். ஒரு வாரம் கழித்துப் பரிமளமும் வந்து சாக்கைப் பிடித்தாள். கிருஷ்ணகுமாரியின் முழங்கால் வீங்கிவிட்டது. ஏழுமலை போனில் கத்தினான்.

"மண்ணு சொமக்கவா ஒன்னைய கட்டுனேன்? விட்டுட்டு வா!"

"வந்து? அங்க ஒரு ரூம்புக்குள்ள ஒக்காந்து என்னா செய்ய?"

வைகாசியில் மறுபடி மழை பிடித்தது. விடிந்ததிலிருந்து அவள் மலையிலேயே நனைந்துகொண்டு நின்றாள். மேல்வரிசை அவள் கண்ணெதிரிலேயே சரிந்தது. கீழே இரண்டு வரிசைகள் மட்டும் நின்றன. அவற்றைத் தாண்டி வயலுக்குப் போன தண்ணீர் செம்மண் நிறம்தான்; ஆனால் கல் உருளவில்லை.

சந்தோஷப்பட அவளுக்குத் தெம்பில்லை. மழை விடும்வரை காத்திருக்காமல், சரிந்த கற்களைப் பொறுக்க இறங்கினாள். குணாவதி குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கையில் வெறுஞ்சாக்குடன் வரம்பில் ஏறி வந்துகொண்டிருந்தாள்.