சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்டி

என் ஓரகத்தியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. வயிறு எரிந்தேன் என்பதே முழு உண்மை. ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டிலிருந்து உள்ளே போகும் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஒரே லயத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர். அவர் வீட்டில் மிளகாய் தாளித்தால் என் வீட்டில் தும்மல் வரும்.

கொழுந்து எடுப்பதில் அவர் கை என் கையைவிட வேகம். நிறுக்கிற இடத்தில் அவர் கூடையைப் பார்த்த கங்காணி, அடுத்து என் கூடையைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். முடி அவருக்கு நீளம். ரசம் என்னைவிட நன்றாக வைப்பார். இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். என் கணவரை வளர்த்தவர் அவர் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. மாமியார் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால், புதுப்பெண்ணாக வந்த அண்ணிதான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த கொழுந்தனுக்குச் சோறு போட்டு ஆளாக்கியிருக்கிறார். நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் 'ம்' என்று மட்டும் சொல்கிற மனுஷன், சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி லேசாக இருமினாலே எழுந்து உட்காருவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர்கள் வீட்டுக்குக் கலர் டிவி வந்தது. எங்களுக்கு அதே லோரியில் அவர்களுடைய பழைய கறுப்பு வெள்ளை டிவி வந்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் அதற்கு லோரி தேவைப்படவில்லை. என் கணவர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு வாசலைவிட்டு இறங்கி இன்னொரு வாசலில் ஏறினார். அவ்வளவுதான். ஓரகத்தி தங்கைக்குக் கொடுப்பதாக நினைத்துக் கொடுத்தார். நான் கழித்துப் போட்டதாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் லயம் பள்ளத்தில் இருந்தது. கூரைமேல் ஏரியல் வைத்தால் படம் வராது. திரை முழுவதும் எறும்பு மொய்க்கும். என் கணவர் தேயிலை ஆலையில் ஃபிட்டர் என்பதால் அந்த வேலையை அவரே எடுத்துக்கொண்டார். லயத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டு உச்சியில் இரும்புக் குழாயை நட்டு, ஏரியலைக் கட்டி, அதன் கழுத்தில் பூஸ்டர் என்று ஒன்றைப் பொருத்தினார். காற்றில் வருகிற படத்துக்குத் தெம்பு கொடுப்பது பூஸ்டர் வேலை. ஆனால் பூஸ்டருக்குக் கரண்ட் வேண்டும். அதற்குத் தனியாக ஒரு பெட்டி, வீட்டுக்குள் இருக்க வேண்டும். அந்தப் பெட்டியிலிருந்து கரண்ட் அதே ஒயரில் மேட்டுக்கு ஏறும்; படம் அதே ஒயரில் கீழே இறங்கும். ஒயர் முதலில் வந்து சேர்வது மேட்டை ஒட்டிய வீட்டுக்கு. மேட்டை ஒட்டிய வீடு ஓரகத்தியுடையது. ஆகவே பெட்டி அங்கே, டிவிமேல் உட்கார்ந்தது. அங்கிருந்து ஒயரைக் கிளை பிரித்து, பலகைச் சுவரில் ஓட்டை போட்டு, எங்கள் டிவிக்கு இழுத்துவிட்டார் என் கணவர்.

அந்த ஓட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓரகத்தி பெட்டியை அணைத்தால் என் படம் போய்விடும். அவர் சீக்கிரம் தூங்குகிறவர். விடியுமுன்னே பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டுமே. வாரத்துக்கு ஒருமுறை போடுகிற தமிழ்ப் படத்தில், காணாமல் போன பிள்ளை அம்மாவைக் கண்டுபிடிக்கிற கட்டத்தில், டப்பென்று எறும்பு மொய்க்கும். நான் சுவரை முறைப்பேன்.

“அண்ணி படுத்துட்டாங்க போல,” என்பார் என் கணவர், ஏதோ சாமி நடை சாத்தியதைச் சொல்வதுபோல.

“அப்போ நாம டிவி பாக்கணும்னா அவங்க முழிச்சிருக்கணும், அப்படித்தானே? என் வீட்டுப் படத்துக்கு அவங்க வீட்டுல சுவிட்சு!”

“காலைல வேல இருக்குல. பாவம்லா.”

“எனக்கு வேல இல்லியா? நான் மட்டும் துரைக்குப் பொண்டாட்டியா?”

எனக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்றேன். என் வீட்டில், என் அலமாரியில், என் கை போட்டு என் கை அணைக்கிற பெட்டி. முடியாது என்றார். ஒரு பூஸ்டருக்கு ஒரு பெட்டிதான், இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் கொடுத்தால் மேலே இருப்பது எரிந்து போகும் என்று விளக்கினார். அப்படியானால் அந்தப் பெட்டியைப் பிடுங்கி இங்கே வையுங்கள் என்றேன். ஆலையில் அத்தனை பெரிய மெஷினைப் பிரித்து மாட்டுகிறவருக்கு உள்ளங்கை அகலப் பெட்டியை இடம் மாற்றத் தெரியாதாம். தெரியாமல் இல்லை, மனம் இல்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். சோற்றைத் தட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவேன். அவருக்கு என் சண்டையைவிட என் மௌனம்தான் பயம்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு பெட்டியோடு வந்தார். சாம்பல் நிறம், முன்னால் குங்குமப் பொட்டு அளவில் சிவப்பாக ஒரு லைட்டு. ரிங்லெட் ரேடியோ கடை முதலாளி தவுக்கேயிடம் சொல்லி வரவழைத்ததாகச் சொன்னார். ஓட்டையிலிருந்து வரும் ஒயரை ஒரு பக்கம் செருகி, இன்னொரு பக்கத்திலிருந்து டிவிக்குக் கொடுத்தார். லைட்டு எரிந்தது. படம் வந்தது.

“இது வேற மாதிரி செட்டிங். நீ மட்டும் இதத் தொடாத, அணைக்காத. நானே பாத்துக்கிறேன்.”

நான் ஏன் தொடுகிறேன்? சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், சூடம் காட்டினேன். வெள்ளிக்கிழமை தவறாமல் அதைத் துடைத்துப் புதிதாகப் பொட்டு வைத்தேன். அதற்குப் பிறகு படம் ஒருநாளும் பாதியில் நிற்கவில்லை. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து அழுது, வில்லனைப் போலீஸ் பிடித்து, வணக்கம் போடும்வரை பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று சத்தத்தையும் கூட்டி வைத்தேன். அவர் வீட்டுக்குள் போவதையும் விட்டுவிட்டேன். எனக்கு அங்கே என்ன வேலை?

அந்த வருஷம் ஓரகத்தியின் கணவர், அதாவது என் மூத்தார், தீமிதிக்கு வேண்டிக்கொண்டிருந்தார். கோயில் ஓரகத்தியின் பிறந்த வீட்டுப் பக்கம், கம்போங் ராஜாவில். காப்புக் கட்டியாயிற்று. எங்கள் வழக்கத்தில் காப்புக் கட்டிய வீட்டில் சினிமா கிடையாது, பாட்டு கிடையாது. டிவிமேல் வெள்ளை வேட்டியைப் போட்டு மூடிவிடுவார்கள். விரதம் இல்லாதவர்கள் அந்த வீட்டுக்குள் புழங்கவும் மாட்டோம். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். தண்ணீர்க் குழாயில் அவரைப் பார்த்தபோது வாய் சும்மா இருக்கவில்லை.

“என்னக்கா, ஒங்க டிவிய மூடிட்டீங்களாம். எங்களுக்கு ஒண்ணும் தடங்கல் இல்ல. எங்க பெட்டி வேறல்ல, படம் கண்ணாடி மாரி தெரியுது.”

“தெரியட்டும் தங்கச்சி, தெரியட்டும்,” என்றார். மஞ்சள் சேலையில், தலையில் ஈரத்தோடு, அப்போதும் அழகாகத்தான் இருந்தார். அதுவும் எனக்கு ஆகவில்லை.

தீமிதிக்கு அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு முதல் நாளே போய்விட்டார்கள். அன்றைக்குத் தமிழ்ப் படம். லயத்துப் பெண்களையெல்லாம் நானே போய்க் கூப்பிட்டேன். கலர் டிவி பூட்டிக் கிடக்கிறது, எங்கள் வீட்டுக்கு வாருங்கள், எங்கள் பெட்டி தனிப் பெட்டி என்று சொல்லிச் சொல்லி அழைத்தேன். பாய் விரித்து, தேத்தண்ணி போட்டு, சூடாக வடையும் சுட்டு வைத்தேன். நேரம் ஆனதும் டிவியைப் போட்டேன்.

எறும்பு. திரை முழுவதும் எறும்பு. உள்ளே யாரோ பேசுகிற மாதிரி ஒரு கரகரப்பு.

“அலாமாக், என்னடி இது?” என்றாள் எதிர் லயத்துக்காரி. “தனிப் பெட்டின்ன?”

என் பெட்டியைப் பார்த்தேன். சிவப்பு லைட்டு அழகாக எரிந்துகொண்டிருந்தது. ஒயரை அழுத்தினேன். தட்டினேன். பொட்டு வைத்த நெற்றியிலேயே ஓங்கி ஓர் அடி கொடுத்தேன். லைட்டு எரிந்தது, படம் வரவில்லை. இவ்வளவு பேர் முன்னால் முகத்தில் கரி பூசிக்கொண்ட மாதிரி நின்றேன். என் கணவர் எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன்.

அண்ணன் வீட்டுப் பூட்டைத் திறந்தார். எங்கள் தோட்டத்தில் ஒரு லயம் எரிந்து போனதிலிருந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகிறவர்கள் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் போவார்கள். மூத்தாரும் அப்படியே செய்திருந்தார். என் கணவர் அதை மேலே தள்ளினார். சுவருக்கு அந்தப் பக்கம் என் வீட்டில் பாட்டு கேட்டது. பெண்கள் கை தட்டினார்கள்.

டிவி வெள்ளை வேட்டிக்குள் இருந்தது. அதன்மேல் இருக்க வேண்டிய கரண்ட் பெட்டி அங்கே இல்லை. அது சுவரோரம் தரையில், ஓரகத்தி படுக்கும் பாயின் தலைமாட்டில் இருந்தது. படுத்தபடியே கையை நீட்டினால் சுவிட்சு எட்டும். அதற்கு நேர்மேலே சுவரில் அந்த ஓட்டை. என் டிவியில் ஒருத்தி அழுவது அங்கே தெளிவாகக் கேட்டது. நான் கூட்டி வைத்த சத்தம் அடங்குகிறவரை அந்தப் பொம்பளை தினமும் முழித்துக் கிடந்து, அதற்குப் பிறகு அணைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார். காப்புக் கட்டி, தன் டிவியை மூடிவிட்டும், எனக்காகப் பெட்டியைப் போட்டு வைத்திருக்கிறார். பெரட்டுக்கு என்னைவிட முன்னால் போய் நின்றதும் அவர்தான்.

“என் பெட்டியில என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“லைட்டுதான்.” என் கணவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “ஒயரு சும்மா உள்ள நொழஞ்சி வெளிய வருது. நான் வேணாம்னுதான் சொன்னேன். அண்ணிதான் சொன்னாங்க, ஆசப்படுறா, ஒண்ணு செஞ்சி குடு தம்பின்னு.”

“சாவி?”

“அண்ணி குடுத்தாங்க. அண்ணன் மறந்தாப்புல மெயின எறக்கிடும், தங்கச்சிக்குப் படம் போயிடப் போகுதுன்னு.”

அந்தச் சிவப்பு லைட்டுகூட ஓரகத்தி கொடுத்ததுதான். நான் பொட்டு வைத்துச் சூடம் காட்டியதும் அதற்குத்தான். இதைக் கேட்டு என் மனம் உருகியது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். எனக்கு வயிறுதான் இன்னும் எரிந்தது. கொழுந்தில் முந்தினார், ரசத்தில் முந்தினார், நல்ல மனசிலாவது எனக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கக் கூடாதா?

வீட்டுக்குத் திரும்பி வந்து, வடைத் தட்டைச் சுற்றிக் கொடுத்தேன். “ஒயரு லூசாயிருந்திச்சி,” என்று எதிர் லயத்துக்காரியிடம் சொன்னேன். படம் முடிகிறவரை எல்லாரும் இருந்தார்கள்.

அவர்கள் மறுநாள் சாயங்காலம் திரும்பினார்கள். குளித்துவிட்டு நேரே என் வாசலுக்கு வந்தார் ஓரகத்தி. கையில் விபூதி, குங்குமம், எலுமிச்சம்பழம், இலையில் மடித்த பொங்கல். மூத்தார் கால் புண்ணாகாமல் இறங்கிவிட்டதைச் சொன்னார். பிறகு அலமாரியில் லைட்டு எரிந்துகொண்டிருந்த என் பெட்டியைப் பார்த்தபடி, மெதுவாகக் கேட்டார்.

“படம் நல்லா தெரிஞ்சிச்சா தங்கச்சி?”

“எங்க பெட்டிக்கு என்னக்கா கொற? நல்லா தெரிஞ்சிது.”

பெட்டியின் நெற்றியில் நான் அடித்த அடியில் பொட்டு கலைந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கொண்டுவந்த குங்குமத்தை ஒரு விரலால் தொட்டு, என் பெட்டிக்குப் புதிதாக ஒரு பொட்டு வைத்தார். அதையும் நான் வைத்திருக்க வேண்டும். அதிலும் அவர்தான் முந்திக்கொண்டார்.